பத்தாவது பத்தி

"அய்யோ...!"

அலறியது தலைவி.

கவிதை வட்டத்தின் தலைவி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. முப்பது வருடம் பிள்ளைகளை அலற வைத்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தானே அலறினார்.

ஞாயிற்றுக்கிழமை. மாலை மணி ஐந்து இருபது.

மாதாந்திரக் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஃபிளாஸ்க்கில் இருக்கும் டீயை எடுத்து வரலாம் என்று பின்னறைக் கதவைத் தள்ளியிருக்கிறார். உள்ளே மேஜைமேல் தலையைச் சாய்த்தபடி செயலாளர்.

தூங்குகிறார் என்றுதான் நினைத்தார். கவிதை வட்டத்தில் தூங்குவது என்ன அதிசயமா?

ஆனால் தூங்குகிறவர் கழுத்தில் ஜன்னல் திரைச்சீலையின் கயிறு மூன்று சுற்று சுற்றியிருக்காதே!

அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஏட்டு.

தையல் கடைக்கு மேலே மாடி. ஒரு ஹால், ஒரு பின்னறை, ஒரே ஒரு மாடிப்படி. படிக்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. லேட்டாக வருகிறவர்கள் கவிதையைக் கெடுத்துவிடுவார்கள் என்று கூட்டம் தொடங்கியதும் தாழ் போடுவது வழக்கமாம். ஆக, வெளியாள் எவனும் இல்லை. ஹாலில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரில் ஒருவர். அல்லது எதிரே நின்று கவிதை படித்தவர்.

"செயலாளரைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

ஐந்து மணிக்கு என்றார் தலைவி. கடைசிக் கவிஞரை அறிவித்துவிட்டு, அடுத்த மாத நிகழ்ச்சி நிரல் எழுதப் பின்னறைக்குப் போனாராம். கவிதை ஐந்து மணிக்குத் தொடங்கி ஐந்து பதினெட்டுக்கு முடிந்தது. நேரம் பதிவேட்டில் இருந்தது.

"அந்தப் பதினெட்டு நிமிஷத்துல யார் எழுந்து பின்னாடி போனாங்க?"

மற்றவர்கள் எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள்.

"யாருமே பார்க்கலையா?"

"எப்படிப் பார்க்க முடியும் சார்?" தலைவிக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "கண்ணை மூடிக்கிட்டிருந்தோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும். படிக்கிறவர் முகத்தைப் பார்த்தா அவர் மேல இருக்கற பிரியமும் வெறுப்பும் கவிதை மேல ஒட்டிக்கும். அதனால கண்ணை மூடித்தான் கேட்கணும். இது எங்க வட்டத்தோட விதி. பதினேழு வருஷமா யாரும் மீறினதில்லை."

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு சாட்சி. பன்னிரண்டும் கண்ணை மூடிக்கிட்டு. எழுதிக்கய்யா ஏட்டு. வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

அன்று கடைசியாகப் படித்தவர் லிஃப்ட் மெக்கானிக்.

ஐம்பது வயது. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். பகலெல்லாம் மனிதர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவார். ராத்திரி கவிதை எழுதுவார். பதினைந்து வருடமாக வட்டத்தில் இருக்கிறார். இந்தப் பதினைந்து வருடத்தில் அவருடைய ஒரு வரியை, ஒரே ஒரு வரியை, ஒரு ஜீவன்கூடத் திருப்பிச் சொன்னதில்லை! அந்த மனிதர் அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பட்டம் வேண்டாம், மாலை வேண்டாம். 'நீங்க அன்னிக்குப் படிச்சீங்களே, அந்த வரி...' என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அங்கேயே உயிரை விட்டுவிடுவார்.

அன்று படித்தது 'திருகாணியின் தவம்'. பத்துப் பத்திகள்.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். கண் மூடியிருந்தது சரி. காது திறந்திருக்குமே! ஹாலில் இருந்தவனுக்குக் கவிதை தெரியும். பின்னறைக்குப் போனவனுக்குத் தெரியாது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

மழையைப் பற்றிய கவிதை என்றார் வங்கி மேலாளர். அம்மாவைப் பற்றியது, தொண்டை அடைத்துவிட்டது என்றார் பூக்கடைக்காரர். நூலகர் அம்மாள் மட்டும் கண் கலங்கி, போர்க்களத்தில் கணவனை இழந்த பெண்ணின் புலம்பல் என்று விளக்கமே கொடுத்தார். தலைவியோ, அது பிரபஞ்சத்தைப் பற்றியது என்று பொதுவாக முடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் பத்துப் பதினோரு பேர் சேர்ந்து கொலை செய்திருக்க வேண்டும்!

ஓரமாக நின்ற மெக்கானிக், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு அங்குலம் குறைந்துகொண்டே வந்தார்.

பதினோராவதாகப் பல் டாக்டர்.

வட்டத்தின் நட்சத்திரம் அவர்தான். மூன்று தொகுப்புகள் போட்டவர். பின்னறைக் கதவை ஒட்டிய கடைசி நாற்காலி அவருடையது. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னார்.

"அது ஒரு திருகாணியோட கதை சார். 'நானொரு திருகாணி... நகைக்கடை காணாத நாதியற்ற ஆணி...' அப்படின்னு ஆரம்பிக்கும்."

மெக்கானிக் நிமிர்ந்தார்.

டாக்டர் நிறுத்தவில்லை. இரண்டாம் பத்தி. மூன்றாம் பத்தி. கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்பதையும் முடித்து, குரலைத் தாழ்த்திப் பத்தாவதையும் சொன்னார்.

"'எல்லாம் பூட்டி முடித்தபின்
உன் உள்ளங்கையில்
ஒன்று மிச்சமிருக்கிறதே...
எந்த இயந்திரம்
என்னைத் தேடி அழுகிறது?'"



மெக்கானிக்குக் கண்ணில் நீர் முட்டியது. தன் கவிதை! இன்னொருவர் வாயில்! ஒரு வார்த்தை பிசகாமல்!

அடுத்த விநாடி கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.

ஏனென்றால்... அந்தப் பத்தாவது பத்தியை அவர் படிக்கவே இல்லை!

ஒன்பதாவதை முடித்துவிட்டுத் தலையை உயர்த்தியபோது முன்வரிசையில் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கவிதையிலேயே மெக்கானிக்குக் கண்மணி மாதிரியான பத்தி அது. அதை ஒரு குறட்டைக்கு எதிரே படிக்க மனம் வரவில்லை. பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் டாக்டர் இதைக் கேட்கவில்லை. எங்கோ பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறார். வியாழக்கிழமையே செயலாளரிடம் கொடுத்த பிரதி, பின்னறை ஃபைலில்தானே இருந்தது...

"இதைத்தான் நீங்க படிச்சீங்களா?" இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கைப் பார்த்தார். "பத்துப் பத்தியும்?"

மெக்கானிக் டாக்டரைப் பார்த்தார். பதினைந்து வருடத்தில் கிடைத்த ஒரே வாசகர்!

"ஆமா சார்," என்றார். "பத்தும் படிச்சேன்."

பன்னிரண்டாவது ஆள் மச்சான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கவிதைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மெக்கானிக் மாதாமாதம் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவதால் வருகிறவர்.

கவிதை ரயிலைப் பற்றியது என்றார் அவர். தட தடவென்று ஏதோ சத்தம் காதில் விழுந்ததாம். அது அவருடைய குறட்டையே என்று அவருக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் செயலாளர் அவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தார், குறட்டை விடும் உறுப்பினர் நீக்கப்படுவார் என்று. படிக்கட்டில் நின்று, 'உன் கழுத்தை நெரிச்சிடுவேன்யா' என்று மச்சான் கத்தியதைத் தெருவே கேட்டிருக்கிறது.

"நான் தூங்கிட்டேன் சார்," என்றார் மச்சான். "நல்லா தூங்கினேன். சத்தியமா."

"குறட்டைச் சத்தம் யாருக்காவது கேட்டுச்சா?" இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்டது என்று சொன்னால் கவிதையில் லயிக்கவில்லை என்று ஆகிவிடாதா? கவிதையைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை என்று பதினோரு பேரும் ஒரே குரலில் சாதித்தார்கள்.

"நீங்க முழிச்சிருந்தீங்க." இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "உங்களுக்குக் கேட்டிருக்கணுமே?"

இரண்டாம் பத்தியிலிருந்தே கேட்டது. பத்தாவதைக் கொன்றதே அந்தக் குறட்டைதான். ஆனால் தன் கவிதையை ஒருவன் குறட்டை விட்டுக் கேட்டான் என்று, போலீஸ் ரிக்கார்டில், தன் வாயாலேயே...

"இல்ல சார். சபை ரொம்ப அமைதியா கேட்டுச்சு."

மச்சானை ஜீப்பில் ஏற்றினார்கள்.

திங்கள் காலை. மெக்கானிக்கின் வீட்டில் அடுப்பு பற்றவில்லை. மனைவி பற்றிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி முழுக்க அழுது முகம் வீங்கியிருந்தது. எறும்பு கடித்தால்கூடத் தட்டிவிட யோசிக்கிற மனுஷன் தன் அண்ணன் என்றாள். லாக்கப் தரையில் பாய்கூட இல்லையாம். அண்ணி இரண்டு தரம் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாளாம்.

"என்னங்க, நீங்க அவருக்கு எதிர்ல நின்னுதானே படிச்சீங்க? அவரு எழுந்து போனாரா? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் பேப்பரைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அண்ணன் கண்ணை மூடினா அடுத்த நிமிஷம் குறட்டை. கல்யாண மண்டபத்துலயே விட்டவரு. உங்களுக்கு மட்டும் கேட்கலையாக்கும்?"

மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உள்ளே ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கொலை செய்தவர், ஆனால் கவிதையை மனப்பாடமாகச் சொன்னவர். இன்னொரு பக்கம் நிரபராதி, ஆனால் குறட்டை விட்டவர். நியாயமாகப் பார்த்தால் யார் உள்ளே இருக்க வேண்டும்?

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் யோசித்தார்.

கால்கள் நேராகப் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போயின. பையில் புதிய கவிதை. இருபத்திரண்டு பத்திகள்!

கிளினிக்கில் கூட்டமில்லை. டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்து, முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பினார்.

"எந்தப் பல்லு?"

"பல்லு இல்ல டாக்டர். பத்தாவது பத்தி."

டாக்டரின் கை நின்றது.

"அதை நான் படிக்கவே இல்லையே. நீங்க எப்படிக் கேட்டீங்க?"

டாக்டர் மெதுவாக எழுந்தார். கதவைத் தாழிட்டார். அலமாரியிலிருந்து ஒரு ஊசியை எடுத்தார். மருந்தை உறிஞ்சினார்... இன்னும் கொஞ்சம் உறிஞ்சினார். ஒரு பல்லை மரத்துப்போக வைக்க அத்தனை மருந்து எதற்கு?

"வாயைத் திறங்க," என்றார். குரல் ஐஸாக இருந்தது.

"சொல்ல மாட்டேன் டாக்டர்." மெக்கானிக் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். "நேத்தே சொல்லியிருக்கலாம்ல? சொல்லலையே. ஏன் சொல்லல? நீங்க ஒருத்தர்தான் என் கவிதையை மனசுல வெச்சிருக்கீங்க. உங்களை எப்படிக் காட்டிக்குடுப்பேன்?"

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். எதிரில் இருப்பது மிரட்ட வந்தவன் இல்லை, வெறும் கவிஞன் என்று புரிந்தது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே எல்லாவற்றையும் கொட்டினார்.

அந்த மூன்று தொகுப்புகளில் ஒரு வரிகூட அவருடையது இல்லையாம். எல்லாம் செயலாளர் எழுதியது. செயலாளர் வாயில் ஒரு பல்கூட உருப்படியாக இல்லை. டாக்டரிடம் கவிதை இல்லை. பல்லுக்குக் கவிதை என்று பேசிக்கொண்டார்கள். பத்து வருடத்தில் செயலாளருக்கு வாய் நிறையப் பல், டாக்டருக்கு அலமாரி நிறையப் புகழ். போன மாதம் கடைசிக் கடைவாய்ப் பல்லும் கட்டி முடிந்தது.

"அடுத்த மாசக் கூட்டத்துல எல்லாத்தையும் மேடையில சொல்லப் போறேன்னான். நான் கட்டின பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே சொன்னான்யா."

உங்கள் கவிதைதான் இருப்பதிலேயே நீளம், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்றார். வியாழக்கிழமையே ஃபைலைத் திறந்து செல்போனில் படம் எடுத்து, மூன்று நாள் உருப்போட்டாராம்.

மூன்று நாள்! மெக்கானிக்குக் கொலை காதில் விழவே இல்லை. தன் கவிதையோடு ஒரு மனிதர் மூன்று நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறார்!

"உங்களுக்கு... அதுல எந்த வரி பிடிச்சுது?"

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

"சும்மா சொல்லாதீங்க டாக்டர். குறை இருந்தாலும் சொல்லுங்க. திருத்திக்கறேன்."

அங்கேதான் டாக்டர் கோட்டை விட்டார்.

கழுத்து இந்த மனிதரின் கையில் இருக்கிறது. 'அற்புதம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாகும்வரை சுதந்திர மனிதர். ஆனால் கவிதை வட்டத்துக்காரரிடம் குறை சொல்லுங்கள் என்று கேட்டால், கொலைகாரராக இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஒண்ணே ஒண்ணு," என்று ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "அந்தப் பத்தாவது பத்தி. அது தேவையில்லை."

"தேவையில்லையா?"

"வெட்டிடுங்க. அதை வெட்டினா ஒன்பதாவது அந்தரத்துல தொங்கும். அதையும் எடுத்துடுங்க. நடுவுல நாலு பத்தி ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது. உருப்போடறப்போ ரெண்டு தரம் தூங்கிட்டேன்னா பார்த்துக்கங்க. முதல் பத்தியில அந்த நகைக்கடை ஒட்டவே இல்லை."

"அப்ப என்னதான் மிஞ்சும்?"

டாக்டர் நேர்மையாக யோசித்தார்.

"தலைப்பு இருக்கட்டும். ஆனா அந்தத் 'தவம்' வேண்டாம்."

மெக்கானிக் நாற்காலியை விட்டு இறங்கினார். நன்றி சொன்னார். தாழ்ப்பாளைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தார்.

கிளினிக் மாடிப்படியில் பாதியில் நின்று போனை எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் சார்... ரெண்டு விஷயம். பத்தாவது பத்தியை நான் படிக்கவே இல்லை. அப்புறம் என் மச்சான் ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் குறட்டை விட்டான் சார்."

அரை மணியில் டாக்டரைக் கையும் ஊசியுமாகப் பிடித்தார்கள். செல்போனில் பத்துப் பத்தியும் வியாழக்கிழமைத் தேதியோடு பத்திரமாக இருந்தது. மச்சான் வீடு திரும்பினார். வந்ததும் படுத்தார். அண்ணனின் குறட்டையைப் போனில் கேட்டு மெக்கானிக்கின் மனைவி ஆனந்தக் கண்ணீர் விட்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது.

டாக்டரின் வக்கீல் கில்லாடி. ஒரு மாணவன் மாதிரி ரசித்துப் படிக்கத்தான் படம் எடுத்தார் என்றார். சாட்சி முதலில் படித்தேன் என்றார், பிறகு படிக்கவில்லை என்கிறார், எதை நம்புவது என்று கேட்டார். பதினெட்டு நிமிடத்தில் பத்தையும் படித்திருக்க முடியும் என்று அடித்துப் பேசினார்.

நீதிபதி யோசித்தார். அதைச் சோதித்துப் பார்த்துவிடலாமே!

"சாட்சி அந்தக் கவிதையை இங்கேயே படிக்கட்டும். அன்னிக்குப் படிச்ச அதே வேகத்துல. எத்தனை பத்திக்குப் பதினெட்டு நிமிஷம் ஆகுதுன்னு பார்ப்போம். முடியறவரைக்கும் யாரும் அசையக் கூடாது."

மெக்கானிக் கூண்டில் ஏறினார். எதிரே நீதிபதி. வக்கீல்கள். நிருபர்கள். பெஞ்சு நிறைய ஜனம். எல்லோரும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள்! அவருடைய வாழ்நாளில் இப்படி ஒரு சபை வாய்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முதல் பத்தி. இரண்டாம் பத்தி. ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படித்தார். அன்றைக்கும் அப்படித்தான் படித்தாராம்.

நான்காம் பத்தியில் நிருபர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். ஐந்தாம் பத்தியில் டாக்டரின் வக்கீல் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறாம் பத்தியில் நீதிபதி மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏழாம் பத்தி தொடங்கியது.

"போதும்!"

குற்றவாளிக் கூண்டில் டாக்டர் எழுந்து நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"ஒத்துக்கறேன் ஐயா. நான்தான் கொன்னேன். கயிறு போட்டு நெரிச்சேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். அவரை நிறுத்தச் சொல்லுங்க."

கோர்ட் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. போலீஸார் டாக்டரை அழைத்துப் போனார்கள். ஏறக்குறைய ஓடினார் என்றே சொல்லலாம்.

மெக்கானிக் மட்டும் கூண்டை விட்டு இறங்கவில்லை. பேப்பரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஐயா... இன்னும் நாலு பத்தி பாக்கி இருக்குது. பத்தாவதுதான் ரொம்ப முக்கியம். அதை இதுவரைக்கும் யாருமே என் வாயால கேட்டதில்லை."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கொலை பண்ணது அவர்தான்னு ஆயிடுச்சே. அப்புறம் எங்களுக்கு எதுக்குய்யா தண்டனை?"